ஜெனீவா வரை புகார் போகுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பின்னலாடை ஆலையில் சங்கம் தொடங்கியதற்காக எங்களில் ஐந்து பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கு நானே எழுதலாமா? சங்க உரிமைக்கான 87, 98-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கவே இல்லை என்கிறார்களே? (திருப்பூர் வாசகி)

பதில்: நீங்கள் தனியாக எழுதினால் அது புகாராகாது. உங்கள் சங்கமோ, அது சேர்ந்திருக்கும் சர்வதேசக் கூட்டமைப்போ கையெழுத்திட்டு எழுத்தில் அனுப்ப வேண்டும். பொதுவாக ஓர் உடன்படிக்கை அதை ஏற்ற நாட்டை மட்டுமே கட்டுப்படுத்தும். சங்க உரிமையில் அப்படியில்லை. அமைப்பில் உறுப்பு நாடாக இருந்தாலே போதும். 1951-இல் ஏற்பட்ட சங்கச் சுதந்திரக் குழு அந்தப் புகாரை விசாரிக்கும். இந்தியாவோ 1919 முதலே உறுப்பினர்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புகார் ஆலையின் மீது அல்ல, அரசின் மீது. பழிவாங்கலிலிருந்து தொழிலாளரைக் காக்க அரசு தவறியது என்பதைக் காட்ட வேண்டும். சங்கம் பதிவான நாள், ஒவ்வொருவரையும் நிறுத்திய நாள், கடிதங்களின் நகல், தொழிலாளர் துறையில் கொடுத்த மனு, அதற்கு வந்த பதில் எல்லாவற்றையும் தேதிவாரியாக இணையுங்கள். ‘தொடர்ந்து மிரட்டுகிறார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிற்காது. புகார் கிடைத்ததாக ஜெனீவா தெரிவித்த பிறகு, கூடுதல் சான்று தர ஒரு மாதம் கிடைக்கும்.

குழு அரசுக்குப் பரிந்துரை செய்யும். உங்களை மறுபடி வேலையில் சேர்க்க ஆலைக்கு ஆணையிட அதனால் முடியாது. ஆகவே இங்குள்ள வழக்கைக் கைவிட்டுவிடாதீர்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, ஜெனீவாவுக்காக அது காத்திருக்காது.

கேள்வி: வீட்டுவேலை செய்பவர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கை 2011-இலேயே வந்துவிட்டதே, இங்கே ஏன் சட்டமாகவில்லை? (மதுரை வாசகர்)

பதில்: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில் நிறைவேறுவது முதல் படிதான். ஓராண்டுக்குள், மிஞ்சினால் 18 மாதத்துக்குள், அரசு அதைச் சட்டமியற்றும் அவையின் முன் வைக்க வேண்டும்; ஏற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. உருகுவேயும் பிலிப்பைன்ஸும் ஏற்றதால் 2013 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

கேள்வி: வெளிநாட்டுக் கொடியுள்ள சரக்குக் கப்பலில் மகன் வேலை பார்க்கிறான். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. என்ன செய்வது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 இதற்கு நேரடியாகவே வழி சொல்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் விட்டால், மாலுமியைக் கைவிட்டதாகக் கொள்ளலாம். 2017 ஜனவரி முதல், இதற்கான காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டாளரின் முகவரி அதிலேயே இருக்கும். மகனே நேரடியாக அவர்களிடம் கேட்கலாம். நான்கு மாதம் வரையிலான பாக்கிச் சம்பளம், ஊர் திரும்பும் செலவு, அதுவரை உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவை கிடைக்க வேண்டும்.

வேலை ஒப்பந்தமும் மாதச் சம்பளக் கணக்குச் சீட்டும் மகன் கையில் இருக்கட்டும். ‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். கோரிக்கை அங்கேயே முடங்கிவிடும். கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகத்தின் கப்பல் சோதனை அதிகாரியிடமும் புகார் தரலாம். அந்தத் துறைமுக நாடு உடன்படிக்கையை ஏற்றிருந்தால், ஏற்காத நாட்டுக் கொடியுள்ள கப்பலுக்கும் அங்கே சலுகை கிடையாது.