வழிகாட்டி யாருக்காக நடக்கிறார்? (நுகர்வோர் கேள்வி-பதில்)

மொராக்கோவின் ஃபெஸ் பழைய நகருக்கு நடைச் சுற்றுலா போய் வந்தவர்களின் கடிதங்கள் இந்த வாரம்.

கே: மூன்று மணி நேர நடைக்குப் பணம் கட்டினோம். வயதான அம்மாவும் வந்தார். கம்பளக் கடை, தோல் கடை, எண்ணெய்க் கடை என்றே பாதி நேரம் போய்விட்டது. பட்டியலில் இருந்த 'அத்தாரின்' என்ற பழைய மதரஸாவுக்கு 'நேரமில்லை' என்றுவிட்டார் வழிகாட்டி. நாங்கள் ஏமாந்துவிட்டோமா? (வாசகி, பாரிஸ்)

ப: ஏமாற்றப்பட்டீர்கள். உங்கள் மேல் தவறில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நேரத்தை அந்த வழிகாட்டி கடைக்காரர்களிடம் இன்னொரு தடவை விற்றிருக்கிறார். இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆத்திரம் உண்டு, அதனால் நீட்டியே சொல்கிறேன். கூட்டிவந்த ஆள் எதை வாங்கினாலும் வழிகாட்டிக்கு ஒரு பங்கு போவது அங்கே ஊரறிந்த வழக்கம். அந்தப் பங்கைக் கடைக்காரர் தன் கையிலிருந்தா கொடுப்பார்? உங்கள் விலையில்தான் ஏற்றுவார். சுற்றுலாக் கட்டணம் நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், மீதியைக் கடையில் வசூலிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். 1981-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம் அது. பூ இனானியா மதரஸாவில் 14-ஆம் நூற்றாண்டு மரச்செதுக்கு இருக்கிறது, சஃபாரின் சதுக்கத்தில் செம்புக் கொல்லர்கள் இன்றும் அண்டா தட்டுகிறார்கள். அதையெல்லாம் காட்டாமல் வயதான ஒரு அம்மாவைப் புதினா டீயைக் கொடுத்துக் கம்பளக் கடையில் உட்காரவைப்பது அநியாயம். பட்டியலில் போட்டதைக் காட்டவில்லை என்று, பணம் கட்டிய இடத்திலேயே ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்த முறை, எந்தெந்த இடம், நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு, கடை உண்டா இல்லையா என்று முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'கடை வேண்டாம்' என்றால் மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

கே: தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்கக் கடை மாடிக்கு ஏறினால் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமா?

ப: வேண்டாம். ஏற்றிவிட்டவருக்குச் சில திர்ஹாம் கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

கே: கராவியீன் பள்ளிவாசலுக்குள் கூட்டிப்போவதாகச் சொல்லி ஒருவர் தனியாகக் காசு வாங்கினார். வாசலோடு நிறுத்திவிட்டார். நாங்கள் முஸ்லிம்கள் அல்ல.

ப: 859-ல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி நிறுவியதாகச் சொல்லப்படும் பள்ளிவாசல் அது. முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. கதவு திறந்திருந்தால் வெளியில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம், அதற்குக் காசு கிடையாது. அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி என்றால் அடையாள அட்டை வைத்திருப்பார். அதைக் காட்டச் சொன்னீர்களா? தெருவில் வந்து ஒட்டிக்கொண்டவரிடம் எதுவும் கேட்காமல் காசை நீட்டினால் நான் என்ன செய்ய?

கே: வெள்ளிக்கிழமை போனோம், பாதிக் கடை மூடியிருந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: கிடைக்காது. ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) நாள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே.

கே: 'கற்றாழைப் பட்டு' சால்வை அசலா?

ப: பெரும்பாலும் ரேயான் (மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை நூல்). என்னிடமும் ஒன்று இருக்கிறது, செடியிலிருந்து எடுத்த நார் என்று அடித்துச் சொல்லி விற்றார்கள். ஓரத்து நூலைக் கொளுத்தினேன், காகிதம் எரிகிற வாசனை வந்தது. ஆனால் ரேயானும் செடி நாரும் எரிந்தால் அதே வாசனைதான், அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நூல் உருகிக் கட்டியானால் பாலியெஸ்டர். நிறம் பிடித்திருந்தால் ரேயான் விலைக்கு வாங்குங்கள்.

கே: 900 பவுண்டுக்குக் கம்பளம் வாங்கினேன். வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். மாதங்கள் ஆகியும் வரவில்லை, கடையிலிருந்து பதிலும் இல்லை. (வாசகர், லண்டன்)

ப: மனம் விடாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆவது பிரிவு உங்களுக்குத்தான். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு, கடைக்காரரோடு உங்களுக்குக் கார்டு வழங்கிய நிறுவனமும் பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும். டெபிட் கார்டு என்றால் இந்தச் சட்ட உரிமை இல்லை, ஆனாலும் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகக் கடையிடமிருந்து திரும்ப வாங்குவது) கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. ரசீது, கம்பளத்தின் படம், கடைக்கு அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வங்கிக்கு இன்றைக்கே எழுதுங்கள்.