வேலிக்குப் பின்னால்

அன்புள்ள சார்,

என் பையனுக்கு ஆறு வயது. டிவி செய்தியில் காஸாவைக் காட்டியபோது "அந்தப் பாப்பா ஏன் கல்லுக்குள்ள இருக்கு?" என்று கேட்டான். சேனலை மாற்றிவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் அகதிகளைப் பற்றிய படக்கதைப் புத்தகங்கள் நான்கு வாங்கினேன். எல்லாம் இங்கிலீஷ். நானே தமிழில் கதை சொல்லி, முடிந்ததும் "பாத்தியா, நாம எவ்ளோ குடுத்து வச்சவங்க" என்று புரியவைக்கிறேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்கிறார் என் கணவர். எந்த வயதில் தொடங்கலாம்? குண்டு போடுகிற பக்கத்தைத் தாண்டிவிடலாமா? தமிழில் இப்படிப் புத்தகங்கள் இருக்கின்றனவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
சத்துவாச்சாரி

அன்புள்ள வாசகிக்கு,

பையன் கேள்வியே கேட்டுவிட்டான், இனி வயது பார்த்து என்ன ஆகப்போகிறது? குண்டு போடுகிற பக்கத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் அந்தக் குடும்பம் மூட்டை முடிச்சோடு ஏதோ டூர் கிளம்பியதாக நினைத்துக்கொள்வான். படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம், சாயந்திரம் மடியில் வைத்துக்கொண்டு படியுங்கள். தமிழில் துளிகா போன்ற பதிப்பகத்தார் படக்கதைகள் போடுகிறார்கள், தேடிப் பாருங்கள். இங்கிலீஷ் புத்தகத்துக்கு நீங்களே தமிழில் கதை சொல்கிறீர்களே, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரோடு சண்டைக்கு நான் வரவில்லை.

போன வாரம் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குப் போயிருந்தேன். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. 1815இல் இங்கிலீஷ்காரர்களிடம் பிடிபட்டு, மறுவருஷம் நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே செத்தவர். ஒரு அப்பா தன் சின்னப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள், "அப்புறம் எப்ப வீட்டுக்குப் போனாரு?" என்றாள். அவர் ஐஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி நடத்திக்கொண்டு போய்விட்டார். அதையே நினைத்துக்கொண்டு இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் "குடுத்து வச்சவங்க" இருக்கிறதே, அதைச் சொல்வதாக இருந்தால் புத்தகமே வேண்டாம். நான்கையும் பரணில் போடுங்கள். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் சோமாலியாவைச் சொல்லி அதட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அடுத்தவன் பட்டினி நம் தட்டு காலியாவதற்கு. இப்போது அடுத்தவன் வீடு எரிவது நம் பிள்ளை நன்றியோடு தூங்குவதற்கா? கொடுத்து வைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்தீர்களா? போன ஜென்மத்துப் புண்ணியம். அப்படியானால் படத்தில் இருக்கிற குடும்பம் கொடுத்து வைக்கவில்லை, அதனால் குண்டு விழுந்தது, அப்படித்தானே? குண்டு போட்டவன் யார், ஏன் போட்டான் என்பதை விட்டுவிட்டு விழுந்தவனின் கர்மக் கணக்கைப் பார்க்கிறோம். ஆறு வயதுப் பையனுக்கு அதுவா பாடம்?

"பாவம்" என்று சொல்வதும் எனக்கு ஆகாது. காரணம் இருக்கிறது.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி போர் வெடித்தது. ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்களைத் தமிழ்நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் பக்கமும் வந்தார்கள். ஐந்தாவது படித்த எங்கள் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். பெயர் இருந்தது, ஆனால் நாங்கள் கூப்பிட்டது "சிலோன்". பிறகு என்பதற்கு "பேந்து" என்பான். ஒரு வாரம் "பேந்து, பேந்து" என்று கத்திக்கொண்டு அவன் பின்னாலேயே திரிந்தோம்.

ஒருநாள் டிராயிங் பீரியடில், "அவங்கவங்க வீட்டை வரைங்கடா" என்றார் வாத்தியார். நாங்கள் நாற்பது பேரும் ஒரே வீட்டைத்தான் வரைந்தோம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை. (வெளியே நம் மலையெல்லாம் மொட்டைப் பாறை, நோட்டில் மட்டும் பச்சை.) அவன் பக்கம் முழுக்க ஒரு கிடுகு வேலி வரைந்தான். கீற்றுக் கீற்றாக, பின்னல் பின்னலாக, ஸ்கேல் வைக்காமல். வேலிக்கு மேலே கிணற்றுத் துலா ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, ஓரத்தில் ஒரு பனை. மணி அடிக்கிறவரை பின்னலைத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

வாத்தியார் நோட்டைத் தூக்கிப் பார்த்தார். "வீடு எங்கடா?"

"தெரியாது சேர்."

சொந்த வீடு எங்கே என்று தெரியாதா என்று புறங்கையில் இரண்டு அடி. வகுப்பே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும்தான்.

யாழ்ப்பாணத்து வேலிகளைப் பற்றி எங்கேயோ படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் இருபது வருஷம் ஓடிவிட்டது. ஆள் உயரத்துக்கும் மேலே போகும் வேலி. தெருவில் நின்றால் வீடு கண்ணுக்குத் தெரியாது. அவன் சொன்னது அந்தத் "தெரியாது". வீட்டைத்தான் வரைந்திருக்கிறான், வெளியே நின்று.

மறுவருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அதுவரை "ஐயோ பாவம்" என்று என் பழைய சட்டைகளை அவனுக்குக் கொடுத்தனுப்பிய அம்மாவே, "அவன்கூட சேராத" என்றார். நான் இடம் மாறி உட்கார்ந்தேன். 1992இல் திரும்ப அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை, அவ்வளவுதான்.

அகதிகளைத் தேடிப் புத்தகம் வாங்கியிருக்கிறீர்கள், நல்லது. மேல்மொணவூர் முகாம் உங்களுக்கு டவுன் பஸ்ஸில் போகிற தூரம். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது, நாம் இன்னும் கேம்ப் என்றே சொல்கிறோம். பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வராதீர்கள், அது மிருகக்காட்சிசாலை இல்லை. அங்கிருந்து ஒரு பிள்ளை அவனோடு படிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படித்தால் ஒரு சனிக்கிழமை விளையாட வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பழைய சட்டை எதுவும் எடுத்து வைக்க வேண்டாம்.

நீங்கள் வாங்கியதில் படமெல்லாம் கூழாங்கற்களால் ஆனது ஒன்று என்று எழுதியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். சிரியாவின் லடாக்கியாக்காரர் நிஸார் அலி பத்ர் அடுக்கிய கற்கள், 2016இல் வந்த 'ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்'. முதுகில் மூட்டையோடு குனிந்து நடக்கிற ஆட்கள், எல்லாம் வெறும் கல். கிடைத்தால் அதைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஒரே பக்கத்தில் அரைமணி நேரம் நின்றாலும் நிற்கட்டும்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அந்தப் பாப்பா ஏன் கல்லுக்குள் இருக்கிறது என்றானே, சேனலை மாற்றிய பிறகு அதற்கு என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை.