வெம்பி உதிரும் பறங்கிப் பிஞ்சு

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லையில் பறங்கி போட்டிருக்கிறேன். கொடி செழித்துப் பூக்கிறது. ஆனால் பிஞ்சுகள் எலுமிச்சை அளவிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன. வேலியில் விட்ட பீர்க்கும் அப்படித்தான். இருமுறை உரம் போட்டேன். காலையில் பூச்சி மருந்தும் தவறாமல் அடிக்கிறேன். என்ன செய்வது, ஐயா?

பதில்: அம்மா, முதலில் உரத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் கொடிதான் ஓடும். பெண் பூ குறையும். உதிர்ந்த பிஞ்சு ஒன்றை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. புழு இல்லாமல், விதைகள் திரளாமல் வெறும் தோலாக ஒட்டிக் கிடந்தால், அந்தப் பூவுக்கு மகரந்தம் சேரவில்லை என்று பொருள். காலையில் மருந்து அடிப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால், இரண்டாவதே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன்.

பறங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். ஆண் பூ மெல்லிய, நீண்ட காம்பில் நிற்கும். பெண் பூவின் இதழ்களுக்கு அடியில் பிஞ்சு முன்பே உருண்டிருக்கும். அதைக் கண்டு காய் பிடித்துவிட்டது என்று நினைப்பது இயல்பே, ஆனால் அது இன்னும் வெறும் சூலகம்தான். மகரந்தத் தூள் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் ஒட்டி, நூல் போன்ற குழாயை விட்டு உள்ளிறங்கிச் சூல்களை அடைந்தால்தான் அவை விதையாகும். விதை திரளத் தொடங்கினால்தான் பிஞ்சு கொடியிடமிருந்து சத்தை இழுத்துப் பருக்கும். தூள் போதாமல் போனால் காய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். பறங்கித் தூள் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீயோ, கெலுலுட் எனப்படும் கொடுக்கில்லாத் தேனீயோ வந்து சுமக்க வேண்டும். பூவோ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் மருந்து அடித்தால், வரவேண்டிய தேனீயையே கொல்கிறோம்.

பக்கத்துச் செம்பனையில் மொய்க்கும் சிறு வண்டுகள் இதற்கு உதவா. 1981-க்கு முன் பல தோட்டங்களில் ஆட்களை வைத்துச் செம்பனைப் பூக்குலைகளுக்கு மகரந்தம் தூவினார்கள். அந்த ஆண்டு கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கூன்வண்டு அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. அது தேடி வருவது செம்பனைப் பூவின் சோம்பு வாசத்தை. பறங்கிப் பூவில் அந்த வாசம் இல்லை.

ஆகவே சில நாள் நீங்களே தேனீயாக இருங்கள். காலை 7 மணி முதல் 9 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்தெடுத்து, நடுவிலுள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லா மடல்களிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். மழை வரும்போலிருந்தால், தடவிய பூவின் இதழ்களை ஒன்றுகூட்டி நூலால் தளரக் கட்டுங்கள். நனைந்த தூள் வெடித்து வீணாகும். மருந்து கட்டாயம் தேவையென்றால் பறங்கிக்கு மாலையில், பூ கூம்பிய பிறகு அடியுங்கள். அப்போதும் வேலிப் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீர்க்கம்பூ மாலையில்தான் விரியும். அதற்கு மகரந்தம் தடவுவதையும் பொழுது சாயும் நேரத்தில்தான் செய்ய வேண்டும்.