முதல் பீரியடில் கம்ப்யூட்டர் வேண்டாம்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: நான்காம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் கோடிங் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். 36 பிள்ளைகள், 6 கம்ப்யூட்டர்கள். பைத்தானில் ஆரம்பிக்கலாமா? முதல் நாள் என்ன செய்வது?

பைத்தான் இப்போது வேண்டாம். அது கட்டளைகளை டைப் அடித்து எழுதும் மொழி. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கீபோர்டில் எழுத்தைத் தேடவே நேரம் போய்விடும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் ஆங்கிலத்தில் திட்டு வேறு விழும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இந்த வயதுக்குச் சரி. கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக இழுத்துக் கோக்கலாம். ஆனால் அதுவும் இரண்டாம் வாரம்தான்.

முதல் நாளுக்கு ஒரு சாக்பீஸ் போதும். தரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். டைல்ஸ் தரை என்றால் அந்த வேலையும் மிச்சம். ஒரு மூலையில் தண்ணீர் பாட்டில், எதிர் மூலையில் நீங்கள். நீங்கள்தான் ரோபோ. உங்களுக்குத் தெரிந்தது மூன்றே கட்டளைகள்: ஒரு கட்டம் முன்னால் போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு. பாட்டில்வரை உங்களைக் கொண்டுபோவது பிள்ளைகள் வேலை. ஒவ்வொன்றாகக் கத்த விடாதீர்கள். அது ரிமோட்டில் கார் ஓட்டுவது போல ஆகிவிடும். மொத்த வழியையும் தாளில் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் நடங்கள். முன்கூட்டியே யோசித்து எழுதிவைப்பதுதானே புரோகிராம்!

எழுதியபடியே நடங்கள், சுவரில் முட்டினாலும் சரி. எதிரே நின்று எழுதும் பிள்ளைக்கு இடமும் வலமும் மாறிப்போகும். நீங்கள் திருத்த வேண்டாம். "எந்த வரியில தப்பாச்சு?" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பின்னால் வந்து நின்று, உடம்பைத் திருப்பிப் பார்த்து அதுவே கண்டுபிடிக்கும். பிள்ளைகளுக்கான லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு போடும் ஓர் ஆமை உண்டு. அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான செய்மோர் பேப்பர்ட் வலியுறுத்தியதும் இதைத்தான்: பிள்ளை தன்னை ஆமையின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். (டீ போடுவதைப் படிப்படியாக எழுதச் சொல்லும் பிரபலமான பயிற்சி எனக்குப் பிடிப்பதில்லை. அதில் தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியாது.)

இரண்டாம் வாரம் ஸ்கிராட்ச் பூனை. ஒரு மெஷினுக்கு ஆறு பேர். மவுஸ் பிடிப்பவர் மற்றவர்கள் சொல்வதை மட்டும் செய்யட்டும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் லேப்டாப் உள்ள பிள்ளை மவுஸை விடாது. பூனையைப் 10 அடி நகர்த்தும் கட்டையை மட்டும் காட்டி, ஓரம்வரை போகச் சொல்லுங்கள். பூனை நடக்கும் திரைப் பகுதியான மேடையின் அகலம் இப்படி 480 அடி, நடுவிலிருந்து ஓரத்துக்கு 240. இருபது தடவைக்கு மேல் சொடுக்க வேண்டும். "மிஸ், வேற வழியே இல்லையா?" என்று குரல் வரும்போது, திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டையைக் காட்டுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

சதுரம் வரைவது மூன்றாம் வாரம். முக்கோணத்துக்கு எல்லாரும் 60 டிகிரி போட்டுப் பார்ப்பார்கள், மூடாது. 60 என்பது முக்கோணத்தின் உள்கோணம்; பூனை திரும்ப வேண்டியது 120. அந்தக் குழப்பத்துக்கே ஒரு முழு பீரியட் ஒதுக்குங்கள்.

ஸ்கிராட்சின் ஆஃப்லைன் பதிப்பை முந்தின நாளே ஆறு மெஷினிலும் போட்டுவிடுங்கள், இன்டர்நெட்டை நம்ப வேண்டாம். லேபில் விண்டோஸ் 7 என்றால் புதிய பதிப்பு ஓடாது. பழைய 1.4 இந்த மூன்று வாரத்துக்கும் தாராளமாகப் போதும்.