கடல் பற்றீரியா படித்தால் மட்டக்களப்பில் வேலை கிடைக்குமா?

மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதவில்லை, மகளோ கடல் நுண்ணுயிரியல்தான் படிப்பேன் என்று நிற்கிறார் என எழுதியிருந்தீர்கள், அம்மா. அந்தப் பெயரில் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வேலை விளம்பரம் வருவது அரிது. ஆனால் அதைப் படிக்கும்போது கையில் ஏறும் ஆய்வுகூடப் பழக்கம் நீர்ப் பரிசோதனை, இறால் வளர்ப்பு, மீன் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் தேவைப்படுகிறது.

மகளைக் கவர்ந்த விடயம் சிறியதல்ல: பற்றீரியா நைதரசன் வாயுவை அமோனியாவாக்குவது. இதையே நைதரசன் பதித்தல் என்பார்கள். அதைச் செய்யும் நைதரசனேஸ் நொதியம் ஒரு நைதரசன் மூலக்கூறுக்கு 16 ஏரீபீ (கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறு) செலவழிக்கிறது. அதனால் அமோனியா தாராளமாகக் கிடைத்தால் பற்றீரியா பதித்தலை நிறுத்திவிடும். ஒட்சிசன் பட்டால் நொதியமே பழுதாகும். குரோக்கோஸ்பேரா என்ற கடல் பற்றீரியா பகலில் ஒளித்தொகுப்பையும் இரவில் நைதரசன் பதித்தலையும் வைத்துக்கொள்வது அதனாலேதான். ஆனால் ட்ரைக்கோடெஸ்மியம் என்ற இன்னொரு கடல் பற்றீரியா பகலிலேயே பதிக்கும். நொதியத்துக்கு இரும்பு நிறைய வேண்டும்; கடலில் அது குறைந்தால் வேலையும் குறையும். இதையெல்லாம் விளங்க இரசாயனவியல் பலமாக இருக்கவேண்டும். உயர்தரத்தில் அதை மனப்பாடம் செய்தே கடந்திருந்தால் இப்போதே மீட்டுப் படிக்கட்டும்.

பதித்தலை அளவிடும் முறையைப் பாருங்கள். இதே நொதியம் அசற்றிலீன் வாயுவை எதிலீனாகவும் மாற்றும்; அதைக்கொண்டே அளக்கிறார்கள். மாதிரியை இறப்பர் அடைப்பான் போட்ட போத்தலில் வைத்து, போத்தலின் மேற்பகுதியிலுள்ள வாயுவெளியில் ஏறக்குறைய 10% அசற்றிலீன் செலுத்தி, சில மணிநேரம் விட்டு, உண்டாகும் எதிலீனை வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புப் பொறியில் அளப்பார்கள். அசற்றிலீன் சேர்க்காத போத்தலொன்றும், மாதிரி இல்லாத போத்தலொன்றும் கட்டாயம். இல்லாவிட்டால் வாயுவிலேயே கலந்திருந்த எதிலீனைப் பற்றீரியாவின் கணக்கில் எழுதிவிடுவோம். அடைப்பான் கசிந்தால் முழு நாளும் வீண். குரோக்கோஸ்பேராவைப் பகலில் மட்டும் அளந்தால் பூச்சியம் வரலாம். இந்தப் பொறுமை மகளுக்கு இருக்கிறதா என்பதை நீங்களே அறிவீர்கள்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. தாவரவியலையோ விலங்கியலையோ இரசாயனவியலோடு சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆராய்ச்சி நோக்கம் இருந்தால் 4 வருட விசேட பட்டத்தையே குறிவையுங்கள். இறுதி வருட ஆய்வுக்கு எங்கள் வாவியே போதும்: மாரியில் வயல் வடிகாலோடு பசளை வந்து சேரும்போதும், கோடையில் உப்பு ஏறும்போதும், பாலமீன்மடு முகத்துவாரத்துச் சேற்றில் பதித்தல் எப்படி மாறுகிறது என்று ஒப்பிடலாம்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசை முக்கியம். மேலே போட்டதற்குப் புள்ளி காணுமானால் அதுவே கிடைக்கும், கீழே உள்ளவற்றைப் பார்க்கமாட்டார்கள். ஊரார் சொன்னதற்காக மகள் படிக்க விரும்பாத ஒன்றை மேலே போட்டுவிடாதீர்கள்.