கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் மறக்க முடியாத பெண் பாத்திரம் யார்? என் ஓட்டு ஹில்டா ஆக்டனுக்கு

கொரோனேஷன் ஸ்ட்ரீட் தொடரில் மறக்க முடியாத பெண்கள் யார் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் ஈனா ஷார்ப்பிள்ஸில் ஆரம்பிப்பார்கள். நான் ஹில்டா ஆக்டனில் ஆரம்பிக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: 1960 டிசம்பரில் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் தொடங்கி இன்னமும் ஓடும் தொடர் இது. சால்ஃபோர்டை மனதில் வைத்து உருவாக்கிய வெதர்ஃபீல்ட் என்ற கற்பனை ஊர், அதில் ஒரு தொழிலாளர் தெரு, முனையில் ரோவர்ஸ் ரிட்டர்ன் என்ற பப்.

அந்தப் பப்பைக் கூட்டித் துடைப்பவள்தான் ஹில்டா. தலையில் முடியைச் சுருட்டும் கர்லர், அதற்கு மேல் ஸ்கார்ஃப், வேலை செய்யும்போது கீச்சுக் குரலில் பாட்டு. எந்த வீட்டில் என்ன சண்டை என்பது முதலில் இவள் காதுக்குத்தான் வரும். கணவன் ஸ்டான் ஜன்னல் துடைப்பவன். துடைத்தது கொஞ்சம், குடித்தது நிறைய. 1964 முதல் இந்த ஜோடியைப் பார்த்து நாடே சிரித்தது.

1984இல் ஸ்டானாக நடித்த பெர்னார்ட் யூவன்ஸ் இறந்துபோனார். கதையிலும் ஸ்டான் இறக்கிறான். அடக்கம் முடிந்தபின், அவன் பொருள்கள் இருக்கும் பொட்டலத்தை ஹில்டா தனியாகப் பிரிக்கிறாள். உள்ளே அவன் மூக்குக்கண்ணாடி. உடைந்து அழுகிறாள். பெரிய வசனம் எதுவும் கிடையாது. இருபது வருடம் இவளைக் கேலிப்பொருளாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த அழுகை எப்படி இருந்திருக்கும்! இவ்வளவு காலம் ஓடும் தொடரில்தான் இது சாத்தியம். இரண்டு மணி நேரப் படத்தில் அந்தப் பழக்கத்துக்கு எங்கே நேரம்? ஹில்டாவாக நடித்த ஜீன் அலெக்ஸாண்டருக்கு 1985இல் ராயல் டெலிவிஷன் சொசைட்டி விருது கிடைத்தது. 1987 கிறிஸ்துமஸ் அன்று அவள் தெருவை விட்டுப் போன அத்தியாயத்தை இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

ஈனாவும் சாதாரண ஆள் இல்லை. ஹேர்நெட் போட்டுக்கொண்டு, பப்பின் சின்ன அறையில் ஸ்டௌட் என்ற கறுப்பு பீர் குடித்தபடி ஊருக்கே தீர்ப்புச் சொல்லும் கிழவி. எல்சி டேனருடன் அவள் நடுத்தெருவில் போடும் சண்டையை இன்று பார்த்தாலும் அலுக்காது.

அப்புறம் ஹேலி. 1998இல் வந்த இவள்தான் பிரிட்டிஷ் நெடுந்தொடர்களில் முதல் நிரந்தரத் திருநங்கை பாத்திரம். அவள் காதலன் ராயும் அவளும் 1999இல் சேர்ந்து வாழ ஆரம்பித்தாலும் சட்டப்படி திருமணம் செய்ய வழியில்லை. 2004இல் நிஜத்தில் சட்டம் மாறியது. கதையில் 2010இல் கல்யாணம் நடந்தது. ஹேலியாக நடித்தவர் திருநங்கை அல்ல; திருநங்கை நடிகை ஒருவருக்கே வாய்ப்புக் கொடுத்திருக்கலாமே என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் அவளைப் பாடம் நடத்தும் பாத்திரமாக்காமல், சிவப்பு அனோராக் (தொப்பி வைத்த மேல்சட்டை) போட்ட, கூச்ச சுபாவமுள்ள, நல்ல மனசுக்காரியாக விட்டார்களே, அது பெரிய விஷயம்.

டீர்ட்ரியைச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். விமானி என்று பொய் சொன்னவனை நம்பி 1998இல் அவள் சிறைக்குப் போனபோது, விடுதலை கேட்டு நிஜ மக்கள் இயக்கம் நடத்தினார்கள். பிரதமர் டோனி பிளேர்கூட அதைப் பற்றிப் பேசினார். எனக்கென்னவோ அவளைவிட அவள் அம்மா பிளான்ச்தான் பிடிக்கும். அந்த நாக்குக்கு முன்னால் ஈனாவே கொஞ்சம் யோசித்துத்தான் வாய் திறந்திருப்பாள்.