கீரையில மயில் வரையலாமா?

கேள்வி: பால்கனி சுவத்துல பாசியால ஒரு மயில் வரையணும்னு ஆசை. பாசியை மோர், சர்க்கரை சேர்த்து மிக்ஸில அடிச்சு பிரஷ்ல தடவினா அப்படியே வளரும்னு வீடியோல காட்டுறாங்க, ட்ரை பண்ணலாமா? – வாசகி, அம்பத்தூர்

மிக்ஸி பாவம், விட்டுடுங்க. பாசிக்கு நிஜமான வேரே கிடையாது, தண்ணியை இலையாலதான் உறிஞ்சும், அதனால சுத்தி எந்நேரமும் ஈரம் இருந்தாதான் பச்சையா நிக்கும். ஐப்பசில மாடி கைப்பிடிச் சுவர்ல தானா படர்ற பாசி பங்குனி வெயில்ல கருகி உதிர்றதை பார்த்திருப்பீங்களே. மோர் தடவினா பாசிக்கு முன்னாடி பூஞ்சைதான் வரும், கூடவே எறும்பும் நாத்தமும்.

மயிலை சுவத்துல இல்லாம ட்ரேல வரைங்க. பூங்காவுல சிவப்பு, பச்சை இலைச் செடி வெச்சு எழுத்து எழுதியிருப்பாங்கல்ல, அது நம்ம பொன்னாங்கண்ணிக்கு சொந்தக்காரச் செடிதான். நானா இருந்தா கீரையையே வெச்சுடுவேன், சிவப்பு பொன்னாங்கண்ணி ஒரு கட்டு, பச்சை ஒரு கட்டு. அகலமான ட்ரே, அஞ்சாறு இஞ்ச் ஆழம், அடியில ஓட்டை கட்டாயம். தேங்காய் நார்க்கழிவு பாதி, செம்மண்ணும் மண்புழு உரமும் மீதி. கோலமாவுல அவுட்லைன் போட்டுட்டு, இலையை ஆஞ்சு சமைச்சதுபோக மிஞ்சுற தண்டை ரெண்டு மூணு கணு வர்ற மாதிரி நறுக்கி, ஒரு கணுவாவது மண்ணுக்குள்ள போற மாதிரி நெருக்கமா ஊனுங்க, வேர் கணுவுலதான் விடும். முதல் வாரம் நிழல், அப்புறம் நல்ல வெயில், வெயில் கம்மின்னா சிவப்பு பச்சையடிச்சு மயிலும் தெரியாது ஒண்ணும் தெரியாது. கண்ணு, கொண்டைன்னு நுணுக்கமா போகாதீங்க, பட்டைப் பட்டையா வரைஞ்சாதான் நிக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் மட்டமா வெட்டிவிடணும், வெட்டினது அன்னிக்கு பொரியலுக்கு.

கேள்வி: பழைய தண்ணி பாட்டில்களை வெட்டி சுவர் பூரா தோட்டம் போட்டேன், மேல் வரிசை காயுது, கீழ் வரிசை அழுகுது. – வாசகர், மதுரை

தண்ணி கீழதானே இறங்கும்! செங்குத்துத் தோட்டத்துக்கு பேர்போன பிரெஞ்சுக்காரர் பாட்ரிக் பிளாங்க், பாரிஸ்ல கே பிரான்லி மியூசியம் சுவரையே காடாக்கினவர், மண்ணே போடமாட்டார். பிவிசி ஷீட் மேல கம்பளி மாதிரி ஒரு துணி, அதுல செடி, மேலேர்ந்து உரம் கலந்த தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். அழகுதான், ஆனா மோட்டார் நின்னா சீக்கிரமே வாடிடும், நம்ம ஊர் கரண்டை நம்பி நான் போடமாட்டேன். நீங்க செடியை மாத்துங்க. மேல் வரிசைக்கு டேபிள் ரோஸ், கீழ மணி பிளான்ட். மேற்குச் சுவர்னா சித்திரை வெயிலுக்கு பாட்டில் மண்ணு கொதிக்கும், வேற சுவர் பாருங்க.

கேள்வி: "செடி வெச்சா ஆர்ட்டா?"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்றார். – வாசகி, திருச்சி

ஸ்பெயின்ல பில்பாவ் குகன்ஹைம் மியூசியம் வாசல்ல ஜெஃப் கூன்ஸ் செஞ்ச நாய்க்குட்டி ஒண்ணு நிக்குது, 12.4 மீட்டர் உசரம், உடம்பு பூரா நிஜப் பூச்செடி, வருஷத்துக்கு ரெண்டு தடவை மொத்தத்தையும் பிடுங்கி புதுசா நடுறாங்க. அந்த போட்டோவை காட்டுங்க. ஆனா எனக்கு அதைவிட மேகாலயா வேர்ப் பாலங்கள்தான் ஒரு படி மேல. அங்க இருக்குற காசிங்கிற (Khasi) பழங்குடி மக்கள் ரப்பர் அத்தி மரத்து விழுதை ஓடைக்கு அந்தப் பக்கம் இழுத்து வளர்த்து, ஆள் நடக்குற அளவுக்கு பாலமாக்குறாங்க, அதுக்கே பல வருஷம் ஆகும், நட்டவரோட பிள்ளைங்கதான் நடப்பாங்க. அதுக்கும் அசையலைன்னா ட்ரேக்கு தண்ணி ஊத்துற வேலையை அவருக்கே குடுத்துடுங்க.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போறோம், செடி? – வாசகர், தாம்பரம்

கிளம்புறதுக்கு முன்னாடி பாதியா வெட்டிவிட்டு நிழலுக்கு நகர்த்துங்க. பக்கத்துல உசரமா ஒரு பக்கெட் தண்ணி, அதுலேர்ந்து தொட்டி மண்ணுக்குள்ள தடிமனான பருத்தித் துணித் திரி. பக்கெட்டை மூடிடுங்க, கொசு வரும்.